சொத்துக்கு ஓட்டு, தண்ணீருக்கு?

கேள்வி: தெற்கு கலிபோர்னியா பெருநகர நீர் மாவட்ட வாரியத்தில் ஊருக்கு ஓர் ஓட்டா? அதிகத் தண்ணீர் வாங்கும் ஊருக்கு முன்னுரிமை உண்டா? – வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் இல்லை. 1927-ல் மாநிலம் இயற்றிய சட்டப்படி 1928-ல் அமைந்த இந்த மாவட்டம், உள்ளூர் அமைப்புகளுக்குத் தண்ணீரை மொத்தமாக விற்கும் பொது நிறுவனம். இதில் 26 உறுப்பு அமைப்புகள் (நகரங்களும் உள்ளூர் நீர் அமைப்புகளும்), 38 இயக்குநர்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் இயக்குநர் உறுதி. மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பில் தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு முழு 5 சதவீதத்துக்கும் ஒருவர் வீதம் கூடுதலாக அனுப்பலாம். ஆனால் தலையை எண்ணுவதில்லை. வரிக்கு உட்பட்ட சொத்தில் 1 கோடி டாலருக்கு 1 ஓட்டு. தீர்மானம் நிறைவேற மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். வந்தவர்களின் ஓட்டில் அல்ல. அதனால் கூட்டத்துக்கு வராதவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்குச் சமம்.

தண்ணீரில் யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்பதைச் சொல்வது மாவட்டச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. சொத்துவரி போன்ற வழிகளில் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் கட்டிய பணம் கணக்கில் வரும். தண்ணீரை விலைக்கு வாங்கக் கொடுத்த பணம் வராது. 1946-ல் உறுப்பாகச் சேர்ந்த சான் டியேகோ நீர் அமைப்பு பல ஆண்டுகள் ஏராளமாக வாங்கியும் இந்த முன்னுரிமைப் பங்கில் பின்தங்கியது இதனால்தான். குழாயையும் அணையையும் தாங்குவது அந்த விலைப்பணமும்தானே. இந்த விலக்கு நியாயமில்லை. ஆனாலும் நடைமுறையில் வறட்சிப் பங்கீட்டுக்கு வாரியம் தனித் திட்டம் வைத்திருக்கிறது.