தர ஆய்வகத்திலிருந்து ரெகுலேட்டரி பிரிவுக்கு மாறுவது எப்படி?

கேள்வி: உணவு அறிவியல் படித்துவிட்டு, ஊட்டச்சத்துப் பானம் தயாரிக்கும் ஆலையின் தர ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரெகுலேட்டரி அஃபேர்ஸ், அதாவது பொருளும் லேபிளும் அரசு விதிகளுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பிரிவின் பக்கம் போக ஆசை. அதற்குச் சட்டம் படிக்க வேண்டுமா? அங்கே அன்றாடம் என்னதான் செய்வார்கள்? நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

பதில்: சட்டப் பட்டம் வேண்டாம். ஆனால் சட்டத்தை வாசிக்கும் பொறுமை வேண்டும், குறிப்பாக வரையறைப் பகுதியை. புதிதாக வருபவர்கள், எந்தப் பொருளை எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் அளவு அட்டவணைக்கு நேராகப் போவார்கள். பிழை பெரும்பாலும் அதற்கு முன்பே, பொருளை எந்த வகையில் சேர்ப்பது என்பதிலேயே நடந்திருக்கும்.

உங்கள் பானத்தையே எடுத்துக்கொள்வோம். சர்வதேச உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, உணவில் சேர்க்கும் நிறமி, இனிப்பூட்டி போன்ற சேர்க்கைப் பொருள்களுக்கு வைத்திருக்கும் பொதுத் தரநிலையில் தண்ணீர் சார்ந்த சுவையூட்டிய பானங்கள் 14.1.4 என்ற வகையில் வரும். பால் சார்ந்தவை முதல் தொகுதிக்குப் போய்விடும். ஒரே நிறமி, ஒரே இனிப்பூட்டி என்றாலும் இரண்டிலும் உச்சவரம்பு வேறாக இருக்கலாம்; ஒன்றில் அனுமதியே இல்லாமலும் போகலாம். நாடு மாறினால் இன்னும் மாறும். டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவிலிருந்து நீக்கியது. அமெரிக்க விதி எடையில் 1 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. ஆகவே ஃபார்முலா கைக்கு வந்ததும் கேட்க வேண்டியவை: எந்த நாடு, அங்கே எந்த வகை, அந்த வகையில் இந்தப் பொருளுக்கு அனுமதி உண்டா, எவ்வளவு, என்ன நிபந்தனை.

அடுத்தது, பொருளுக்குள் இருக்கும் பொருள். வைட்டமின் பிரிமிக்ஸ் (முன்கூட்டியே கலந்து வரும் கலவை) என்று ஒரே வரியில் வருவதைப் பிரித்தால் மால்டோடெக்ஸ்ட்ரின், ஸ்டார்ச், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எல்லாம் இருக்கும். வைட்டமின் ஏ, டி துகள்களைச் சிலர் ஜெலட்டினில் பொதிந்து தருவார்கள். அதைக் கவனிக்காமல் சைவக் குறி போட்டால், அச்சான லேபிள் அத்தனையும் வீண். சப்ளையரிடமிருந்து முழு உட்கூறு விவரத்தையும் ஒவ்வாமை அறிவிப்பையும் கையெழுத்தோடு வாங்குவதிலேயே இந்த வேலையின் பாதி நேரம் போய்விடும். வேலை விளம்பரங்களில் இதை எழுத மாட்டார்கள்.

கணக்கில் நீங்கள் ஏற்கெனவே தேறியவர். அதை உரிமைகோரலோடு, அதாவது பொருளின் நன்மையைச் சொல்லும் லேபிள் வாசகத்தோடு, இணைக்கப் பழகுங்கள். “எலும்பு முறிவைத் தடுக்கும்” என்று மார்க்கெட்டிங் பிரிவு எழுதிக் கொடுக்கிறது. முடியாது என்று திருப்பி அனுப்புவது எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை. அடுத்த முறை உங்களைக் கேட்காமலே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். “இயல்பான எலும்புகளைப் பேணக் கால்சியம் தேவை” என்ற பொருளில் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த வாசகம் ஒன்று உண்டு. நிபந்தனையோடு அதைக் கொடுங்கள். அங்கே லேபிள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கால்சியத்தின் அன்றாடக் குறிப்பு அளவு 800 மி.கி. பானத்துக்கு அதில் 7.5 விழுக்காடு, அதாவது 100 மி.லிட்டரில் 60 மி.கி. கால்சியமாவது இருக்க வேண்டும். இது கால்சியத்தின் எடை, அது அடங்கிய கால்சியம் உப்பின் எடை அல்ல. கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 40 விழுக்காடுதான் என்பதால் 150 மி.கி. போட வேண்டும். 60 மி.கி. கார்பனேட் போட்டுவிட்டு அதே வாசகத்தை அச்சிட்டால் கிடைப்பது 24 மி.கி. மட்டுமே. கார்பனேட் அடியில் படியவும் செய்யும். குலுக்காமல் மாதிரி எடுத்த பரிசோதனை அறிக்கையை ஆதாரமாக வைக்க முடியாது.

வைட்டமின் சி-யில் சிக்கல் வேறு. ஆக்சிஜனும் வெப்பமும் அதைக் குறைத்துக்கொண்டே போகும். லேபிளில் போட்ட அளவு காலாவதி நாள்வரை நிற்க வேண்டுமென்றால், தயாரிப்பின்போதே கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை அந்தப் பாட்டிலில், அந்த வெப்பநிலையில் செய்த நிலைப்புத்தன்மைச் சோதனைதான் சொல்லும். வேறொரு பொருளின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

புரதத்தில் பலர் சறுக்குவார்கள். ஐரோப்பிய விதிப்படி “அதிகப் புரதம்” என்று சொல்ல, மொத்தக் கலோரியில் குறைந்தது 20 விழுக்காடு புரதத்திலிருந்து வர வேண்டும். 100 கிராமில் 20 கிராம் புரதமும் 550 கலோரியும் உள்ள கொழுப்பு மிகுந்த பொருளைப் பாருங்கள். கிராமுக்கு 4 கலோரி வீதம் புரதத்தின் பங்கு 80 கலோரி, ஏறத்தாழ 14.5 விழுக்காடு. “புரதம் உள்ளது” என்பதற்கான 12 விழுக்காட்டைத் தாண்டுகிறது, “அதிக”த்தை எட்டவில்லை. கிராமை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார்.

நேர்காணலில் ஒரு லேபிளைக் கையில் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்வது வழக்கம். ஆகவே சான்றிதழ் வகுப்புகளைவிட நீங்களே செய்த லேபிள் ஆய்வுக்கு மதிப்பு அதிகம். சந்தையிலுள்ள ஐந்து லேபிள்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள்: லேபிளில் உள்ள சொல் அல்லது எண், அதற்குரிய விதியும் உட்பிரிவும், நிறுவனம் வைத்திருக்க வேண்டிய ஆதாரம். விதியின் எந்தத் திருத்தத்தைப் பார்த்தீர்கள் என்று தேதியும் போடுங்கள். பழைய பி.டி.எஃப்.பை வைத்துப் பதில் சொல்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. அதே ஐந்தையும் இன்னொரு நாட்டின் விதியோடு ஒப்பிட்டு, எங்கே மாறுகிறது என்று குறியுங்கள்.

வெளியே விண்ணப்பிக்கும் முன், இப்போதைய ஆலையிலேயே சப்ளையர் வினாப்படிவங்களையும் லேபிள் அச்சுப்படி சரிபார்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் யாரும் விரும்பாத வேலை அது. கேட்டால் மறுக்க மாட்டார்கள்.