வியோலே-லெ-டுக்கைத் திட்டும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறைக்குப் போக ஆசை. வீட்டில் 'அதில் என்ன சம்பாதிப்பாய்' என்கிறார்கள். மேற்படிப்பு எங்கே படிக்கலாம்? இன்னொன்று, இத்துறையின் முன்னோடி என்று பிரான்ஸின் வியோலே-லெ-டுக்கைச் சொல்கிறார்கள். வகுப்பில் அவரைப் 'பழமையைப் பொய்யாக்கியவர்' என்று முடித்துவிட்டார்கள். அவரைப் படிப்பதில் பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சம்பளத்தைப் பற்றி அத்துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். மேற்படிப்புக்கு டெல்லியிலும் அகமதாபாத்திலும் இடம் உண்டு, விசாரியுங்கள். உங்கள் ஆசை நல்ல ஆசை, விட்டுவிடாதீர்கள். கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக அந்த மனிதரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாழ்க்கையை ஒரு வரியில் முடிப்பது சோம்பேறித்தனம். வகுப்பில் சொன்னார்கள் என்று நீங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வரலாமா? 1840-இல் பிரான்ஸின் வெஸ்லே ஊரிலுள்ள பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்க அவரிடம் ஒப்படைத்தபோது அவருக்கு வயது 26. பாரிஸின் பெரிய கலைக்கல்லூரியில் சேர மறுத்து, ஊர் ஊராகப் போய் வரைந்தே கற்றவர். வெஸ்லேயில் மேல்வளைவுகளின் பாரம் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, சரிந்துவிடும் நிலை. வளைவுகளைப் பிரித்து, எடை குறைத்துக் கட்டினார். இன்றும் நிற்கிறது.

அத்துமீறினார், ஆமாம். தென் பிரான்ஸின் கார்கசோன் கோட்டைக் கோபுரங்களுக்கு, அந்தப் பகுதியில் பழக்கமில்லாத கூம்புக் கூரைகளை ஸ்லேட் கல்லில் வைத்தார். பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தின் உச்சியில் கன்னத்தில் கைவைத்து நகரத்தைப் பார்க்கும் கொம்புப் பூதம் அவர் கற்பனை. எந்தக் காலத்திலும் இல்லாமல்கூட இருந்திருக்கக்கூடிய ஒரு முழுமைக்குக் கட்டடத்தைக் கொண்டுபோவதுதான் புதுப்பித்தல் என்றுகூட எழுதினார். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964-இன் வெனிஸ் சாசனம். நான் சாசனத்தின் பக்கம்தான்.

ஆனால் எஸ், அவர் தொட்டதையெல்லாம் வரைந்து வைத்தார். நோத்ர தாமில் லாசுஸ் என்ற கட்டடக்கலைஞருடன் 1844-இல் பொறுப்பேற்றார், வேலை 20 ஆண்டு நடந்தது. தளத்தில் நடந்ததை நாட்குறிப்பாக எழுதிவந்தார்கள். 2019 ஏப்ரலில் எரிந்து விழுந்த கூர்கோபுரம் 1859-இல் அவர் வைத்தது. அதே வடிவில் திரும்ப எழுப்ப முடிந்தது என்றால், அவருடைய வரைபடங்கள் இருந்ததால்தான். கூடவே எரிந்துபோன இடைக்கால மரக்கூரையை 2014-இல் இரண்டு கட்டடக்கலைஞர்கள் உத்தரம் உத்தரமாக அளந்து வைத்திருந்தார்கள். தச்சர்களுக்கு அந்த அளவுகள் கை கொடுத்தன. கார்கசோனில் பிற்பாடு சில கூரைகளை ஓட்டுக்கு மாற்றினார்கள். எது அவர் வைத்தது என்று தெரிந்திருந்தது, அதனால் மாற்ற முடிந்தது.

இங்கே என்ன செய்கிறோம்? என் அம்மாவின் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். சின்ன வயதில் அடிச்சுவர்க் கல்வெட்டில் விரலை ஓட்டுவேன், ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாகத் தட்டுப்படும். இப்போது சொரசொரப்பு மட்டும்தான். யாரும் படியெடுத்து வைக்கவில்லை. மண்டபத்தின் மேலிருந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் போட்டார்கள். பழைய காரை எவ்வளவு கனம், அதில் என்ன சேர்த்திருந்தார்கள், எங்கே விரிசல் இருந்தது? ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கேட்டேன். "பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க" என்றார் மேஸ்திரி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் நோட்டோடு அவர் பக்கத்தில் நிற்க ஒரு ஆளை நாம் அனுப்பவில்லையே! படித்தவர்கள் எல்லாம் வகுப்பில் உட்கார்ந்து வியோலே-லெ-டுக்குக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் வேலை தொடங்கப்போகும் பழைய மண்டபம் ஏதாவது இருந்தால், சாரம் கட்டுவதற்கு முன் போய்விடுங்கள். டேப்பும் நோட்டும் போதும். அப்புறம், வரைந்த ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.