கைவேலைக்கு இடம் விட்டீர்களா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அஸ்திவாரம் முடிந்து, செங்கல் கட்டு இடுப்பளவு வந்திருக்கிறது. வீட்டில் சில விஷயங்களாவது கையால் செய்ததாக, எங்களுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கி வைத்த மரக்கதவு இருக்கிறது. கூடத்தில் கையால் செய்த பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ், சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மாடிப்படிக்கு ஆசாரி இழைத்த கைப்பிடி, குளியலறையில் நானே பதிக்கும் சில்லு மொசைக் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். 'அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம்' என்கிறார் மேஸ்திரி. 'ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?"

கணவர் சொல்வதில் பாதி சரி. மேஸ்திரி சொல்வது முழுத் தவறு. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பழகியது தொழிற்சாலைப் பொருட்களோடு. ஒரே கனத்தில் வரும் டைல்ஸையும் ஒரே அளவில் வரும் கதவையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்தான். கையால் செய்த பொருள் தனக்கென்று ஓர் அளவோடு வரும். அதற்கு ஏற்றபடி சுவரும் தரையும் முன்கூட்டியே வளைந்துகொடுக்க வேண்டும். கைவேலை கெட்டுப்போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பொருளில் குறை இருக்காது. அது பக்கத்து வேலையோடு சேருகிற இடத்தில் அரை அங்குலம், ஓர் அங்குலம் விடாமல் போயிருப்பார்கள்.

உங்கள் சுவர் இடுப்பளவுதான் வந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. வாசல், ஜன்னல்களுக்கு மேலே வரும் காங்கிரீட் உத்தரமான லிண்டல் போடும்வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அதனால் முதலில் கதவு. இதில் என் சொந்த வீட்டிலேயே சறுக்கியவன் நான். செதுக்கு வேலை செய்த பழைய கதவு நிலை ஒன்றை ஆசையாக வாங்கி, போர்வை சுற்றி வைத்துவிட்டு, வாசலை வழக்கமான அளவில் கட்டச் சொல்லிவிட்டேன். லிண்டல் காங்கிரீட் இறுகிய பிறகு நிலையைக் கொண்டுவந்து நிறுத்தினால், மேல் சட்டத்துப் பூவேலை நாலு விரற்கடை இடித்தது. லிண்டலை உடைக்க முடியாது. பூவைத்தான் அறுத்தோம். இப்போதும் வாசலில் நுழையும்போது அந்த இடத்தைப் பார்க்காமல்தான் நுழைகிறேன்.

நீங்கள் கதவை இந்த வாரமே வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலையின் வெளிப்புற அளவை மூன்று இடங்களில் எடுங்கள்; பழைய நிலைகள் பெரும்பாலும் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவாகத்தான் இருக்கும். இருப்பதில் பெரிய அளவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 12 மி.மீ. சேர்த்து வாசலை விடச் சொல்லுங்கள். நிலை உயரம் குறைவாக இருந்தால் லிண்டலைத் தாழ்த்த வேண்டாம். மற்ற வாசல்களின் மட்டத்திலேயே லிண்டல் ஓடட்டும். இடைவெளியில் ஒரு கண்ணாடிச் சட்டமோ மர ஜாலியோ வைத்தால் வெளிச்சமும் வரும், கதவும் உயர்ந்து தெரியும். தலை இடிக்கிற அளவுக்குக் குட்டை என்றால் மட்டும் அதை ஆள் அதிகம் போய்வராத அறைக்கு மாற்றுங்கள்.

பழைய மரத்தை இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் ஆணி இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிடும். இன்னொன்று: மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சட்டமிட்ட கதவில் நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது இதனால்தான். பழுது பார்க்கும்போது "ஆடுகிறதே" என்று அந்தப் பலகையைப் பசை போட்டோ ஆணி அடித்தோ இறுக்கினால், அடுத்த வறண்ட காலத்தில் நடுவே பிளந்து நிற்கும். ஆடுவதற்கென்றே விட்ட இடம் அது.

அடுத்தது தரை. உங்கள் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். கையால் செய்யும் சிமெண்ட் டைல் சூளையில் சுடப்படுவதில்லை. அச்சில் வண்ணக் கலவையை ஊற்றி, பின்புறம் சிமெண்ட் கலவை சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குகிறார்கள். அதனால் கனம் அதிகம். சுமார் 16 முதல் 20 மி.மீ. இருக்கும். அடியில் சாந்துப் படுக்கை 30, 40 மி.மீ. வேண்டும். மொத்தம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர். பக்கத்துப் படுக்கையறைக்குத் தொழிற்சாலை டைல் என்றால் அது 8 முதல் 10 மி.மீ.தான். பசை வைத்து ஒட்டினால் மொத்தமே ஒன்றரை சென்டிமீட்டரில் முடிந்துவிடும். இரண்டு அறைக்கும் அடித்தளத்தை ஒரே மட்டத்தில் போட்டுவிட்டால், வாசற்படியில் கால் தட்டும் ஒரு மேடு நிரந்தரமாக வந்துவிடும். கூடத்தின் அடித்தளம் எவ்வளவு தாழ வேண்டும் என்பதை இப்போதே இன்ஜினியரிடம் வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.

மாடிப்படியும் இதில் மாட்டிக்கொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படியின் காங்கிரீட் கூடத்தின் அடித்தளத்திலிருந்து அளந்து போடப்படுகிறது. பிறகு கூடத்தில் நீங்கள் ஆறு சென்டிமீட்டர் தரை போட்டு, படிகளில் இரண்டு சென்டிமீட்டர் கல் பதித்தால், முதல் படி மட்டும் நான்கு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோண்டெல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: படி உயரத்தின் இரு மடங்கோடு மிதி அகலத்தைக் கூட்டினால், நாம் எட்டி வைக்கும் ஓர் அடியின் நீளம் வரும். இப்போது அதை 60 முதல் 64 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். உயரம் 16, மிதி 30 என்றால் 62. ஏற வசதியான படி. ஆனால் கணக்கைவிட முக்கியம் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டாவது படியிலேயே கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். மாறுகிற படியில்தான் ஆள் விழுகிறார்.

டைல் பதிக்கும்போது நான்கைந்து பெட்டிகளைத் திறந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள். வண்ணம் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். கலந்து பதித்தால் அது அழகாகத் தெரியும், வரிசையாகப் பதித்தால் கறையாகத் தெரியும். இணைப்பு அடைப்பதற்கு முன்பே டைலின் மேல் சீலர் என்ற தடுப்புப் பூச்சைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் அடைக்கும் கலவையின் நிறத்தை டைல் குடித்துவிடும். வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் எந்தக் கட்டுமானத்திலும் உண்டு. சிமெண்டை ஆசிட் தின்னும். உங்கள் பூவும் அதோடு போகும். இதை வாயால் சொன்னால் போதாது, சுவரில் எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் பெயிண்ட் வேலை முழுக்க ஓய்ந்த பிறகே கூடத்தின் தரையைத் தொடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு வேண்டியது காலம். தண்ணீரில் நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. இதை அவசரப்படுத்த வழியில்லை. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, அடுக்குக்கு அடுக்கு நாட்கணக்கில் இடைவெளி விட்டு, லேசான ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையை வேகமாக்க இரண்டு கரணை சிமெண்ட் சேர்க்கலாம் என்ற யோசனை வரும். மறுத்துவிடுங்கள். சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் குணத்துக்காகத்தான் சுண்ணாம்பையே தேர்ந்தெடுக்கிறோம். சிமெண்ட் அதைக் குறைத்துவிடும். அதே காரணத்தால் மேலே பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்ட் அடிக்கக் கூடாது, சுண்ணாம்பு நீரே போதும். ஒயரிங் குழாய்கள் எல்லாம் பதித்து முடித்த பிறகே பூச்சு. பின்னால் சுவரை வெட்டி ஒட்டுப் போட்டால் ஒட்டு எப்போதும் ஒட்டாகவே தெரியும். தூணும் செங்கலும் சேரும் இடங்களில் வலை வைத்துப் பூசுங்கள், இல்லையென்றால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். கலவையைத் தொடுகிறவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இது போதும். சோப்பு தேய்த்துக் கல்லால் மெருகேற்றும் மொராக்கோவின் டாடலாக்ட் பூச்சு குளியலறைக்கும் தாங்கும்தான். ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. முதல் முயற்சியைக் குளியலறையில் செய்யாதீர்கள்.

நீங்களே பதிக்கப்போகும் மொசைக் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்சிலோனாவின் பார்க் குவெல் பூங்காவில் கட்டடக் கலைஞர் காவுதியின் குழுவினர் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கொண்டே நீண்ட வளைந்த இருக்கைகளை முடித்தார்கள். சில்லு என்பதால் வளைவுக்கும் வளைந்துகொடுக்கும், கோணல் கைக்கும் வளைந்துகொடுக்கும். ஆனால் குளியலறைத் தரையில் வேண்டாம். பளபளப்பான சுவர் டைல் சில்லு ஈரத்தில் வழுக்கும், விளிம்பு காலைக் கிழிக்கும். கைகழுவும் தொட்டிக்கு மேலே உள்ள சுவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைச் சுவரில் தொடங்காதீர்கள். அந்தச் சுவரின் அளவுக்கே ஒரு தாளை மேசையில் விரித்து, படத்தை வரைந்து, மேலே கண்ணாடித்தாளும் அதன்மேல் நைலான் வலையும் போட்டு, சில்லுகளை வலையில் ஒட்டிக்கொண்டே வாருங்கள். கட்டடம் வளரும் மாதங்களில் மாலை நேரத்தில் செய்யலாம். பிடிக்கவில்லை என்றால் பிய்த்து மாற்றலாம். சில்லுகள் எல்லாம் ஒரே கனமாக இருக்கட்டும். கூர் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துவிடுங்கள். கடைசியில் வலையைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போய், டைல் பசையில் ஒரே நாளில் பதித்து முடித்துவிடலாம். நீர்த்தடுப்புப் பூச்சு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்தச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது. பிரான்சில் ஓத்தரீவ் என்ற சிற்றூரின் தபால்காரர் ஃபெர்தினான் ஷெவால், வழியில் பொறுக்கிய கற்களைக் கொண்டு 1879இல் ஒரு மாளிகை கட்டத் தொடங்கி 33 ஆண்டுகள் கட்டினார். நீங்கள் அதற்கு முன் குடியேற வேண்டும், அதனால் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைப்பிடிக்கு அதிகம் சொல்ல இல்லை. கை சுற்றிப் பிடிக்கும் கனம் சுமார் 4 செ.மீ.; சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்குக் குறைவான இடைவெளி, குழந்தையின் தலை நுழையக் கூடாது. கைப்பிடித் தூண்களைப் பிடிக்கும் இரும்புத் தகடுகளைப் படிக்குக் காங்கிரீட் போடும்போதே வைத்துவிடச் சொல்லுங்கள்.

கணவர் சொன்னதில் சரியான பாதி இதுதான்: ஐந்தையும் ஒரே கூடத்தில் குவித்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். பூத்தரைக்கு மேலே வெறும் சுண்ணாம்புச் சுவர், அதில் ஒரே ஒரு பழைய கதவு என்று விட்டால் மூன்றும் கண்ணில் நிற்கும். நீர்த்தடுப்பு, ஒயரிங், கூரை ஆகியவற்றில் தனித்தன்மை தேட வேண்டாம்; அங்கே எல்லோர் வீட்டையும் போலவே இருக்கட்டும்.

ஆட்களிடம் பேசும்போது ஒரு விஷயம். கைவேலையைச் சதுர அடிக் கணக்கில் விடாதீர்கள், நாள் கூலியில் விடுங்கள். சதுர அடி என்றால் கை தானாக ஓடும். தொடங்குமுன் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லி, காயவிட்டு, உங்களுக்கும் அவருக்கும் பிடித்த பிறகு அதை வேலை முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் இருவரும் அதன் முன் போய் நின்றால் போதும்.

இப்போதைக்கு மேஸ்திரியிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். கதவு நிலையின் வெளி அளவு, கூடத்துத் தரையின் மொத்தக் கனம், படிகளில் பதிக்கும் கல்லின் கனம், கைப்பிடித் தகடுகள் வரும் இடங்கள். இந்த நான்கும் லிண்டலுக்குக் கம்பி கட்டுவதற்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும். மொசைக்குக்கு வண்ணம் தேடும் வேலையை அதற்குப் பிறகு நிதானமாகத் தொடங்கலாம்.