பாஸ்போர்ட் மாறினால் ஊர் மாறுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில், வெளிநாட்டில் நீண்ட காலம் இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் குடியுரிமை பற்றியும் ஊர் பற்றியும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கனடா வந்து பல வருஷம் ஆயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் வாங்கிவிடலாம் என்கிறார்கள். எண்பது தாண்டிய அப்பாவோ, "இந்தியப் பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்தா நீ இந்த ஊர்க்காரன் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் பெயரில் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது. அதுவும் போய்விடுமா? சரியாகத் தூங்கியே நாளாகிறது.
— குலசேகரம் வாசகர், பிராம்ப்டன்

பதில்: வாங்குங்கள் தம்பி. நீங்கள் வரி கட்டுகிற, பிள்ளைகள் படிக்கிற ஊரில் ஓட்டுரிமை இல்லாமல் காலம் முழுக்க விருந்தாளியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பாவின் கோபத்தை வயதானவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கனடா இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொள்ளும், இந்தியா ஏற்காது. 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். அதன்பிறகு பழைய பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு அதிலேயே ஊருக்கு வந்துபோவது குற்றம். "யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லித்தர ஆள் இருப்பார்கள், கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, உடனே இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பம் போடுங்கள். அந்த "உடனே" முக்கியம். 2023 செப்டம்பரில் கனடாக்காரர்களுக்கு விசா கொடுப்பதை இந்தியா நிறுத்தியது. இ-விசா திரும்ப வர நவம்பர் ஆயிற்று. அந்த நாட்களில் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தவர்கள் ஊருக்கு வந்துபோக முடிந்தது. கனடா பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தவர்கள், வீட்டில் சாவு என்றாலும் திண்டாட வேண்டியிருந்தது.

அந்த அட்டை ஆயுள் முழுக்க வந்துபோகும் உரிமை தரும். ஓட்டு தராது, தேர்தலில் நிற்கவிடாது, அரசு வேலையும் கிடையாது. அப்பா சொல்வதில் நியாயம் என்றேனே, அது இதுதான். நீங்கள் விட்டுக்கொடுப்பது உண்மையிலேயே ஒரு பெரிய உரிமை. அதைச் சின்ன விஷயம்போல அவரிடம் பேசாதீர்கள்.

தோட்ட விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசாக அது உங்களுக்கு வரலாம். அவர் இருக்கும்போதே தானப் பத்திரமாக எழுதி வாங்குவதுதான் சிக்கல். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ தானமாகக் கொடுக்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. பக்கத்துத் தோட்டம் விலைக்கு வந்தாலும் நீங்கள் வாங்க முடியாது. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிராம்ப்டனில் இருக்கிற இன்றைக்கும் உங்களுக்கு இதே விதிதான். ஆக, குடியுரிமை மாறுவதால் தோட்ட விஷயத்தில் நீங்கள் புதிதாக எதையும் இழக்கப்போவதில்லை. சொந்தக்காரர்கள் இதை வைத்து அப்பாவைப் பயமுறுத்தியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அப்பாவிடம் போனில் பேச வேண்டாம், நேரில் வந்து பேசுங்கள். அவர் பிறந்தது எந்த ஆட்சியில் என்று கேளுங்கள். திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தவர் அவர். சின்ன வயதில் அவர் கையில் கிடைத்த காசு சக்கரமாகத்தான் இருந்திருக்கும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி, 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலம், 1969இல் தமிழ்நாடு. ராஜா போனார், காசு போயிற்று, திருவனந்தபுரம் போய்ச் சென்னை தலைநகரானது. அவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கக்கூட இல்லை.

"நான் நகரல, சர்க்காருதான் நகந்துது. நீ அப்படியா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றில்லைதான். ஆனால் இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் அவரைக் குலசேகரத்துக்காரராக வைத்திருந்தது எது என்று பாருங்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனது, சிரட்டையில் சொட்டியதை வாளியில் சேர்த்துத் தட்டில் உறையவைத்து ஷீட் அடித்தது, மழைக்காலத்தில் வெட்டு இல்லாதபோது பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றது. இதையெல்லாம் எந்தச் சர்க்காரும் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. உங்கள் பங்குக்கு அதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தன் கடைசிக் காலத்தில் மகன் வந்து நிற்பானா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைச் சொல்லிக் கேட்கிறார். "வருவேன்" என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகன் மஸ்கட்டில் பிறந்து வளர்ந்தவன். "சொந்த ஊர் எது" என்று யாராவது கேட்டால் "மஸ்கட்" என்கிறான். அவன் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. திருத்த வேண்டுமா?
— தக்கலை வாசகி, மஸ்கட்

பதில்: வேண்டாம் அம்மா. பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறான். நானும் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமை காலையில் மத்ராவின் மீன் சந்தையில் மத்தி வாங்கி, ரூவியில் மலையாளி கடையில் மரச்சீனிக் கிழங்கும் வாங்கி, அறையில் அவித்துச் சாப்பிடுவோம். எங்களுக்கு அது ஊர் நினைப்பு. உங்கள் மகனுக்கோ அந்தச் சந்தைதான் ஊர்.

அவனிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அங்கே பிறந்ததால் மட்டும் அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட முடியாது. அப்பாவின் வேலை போனால் குடும்பத்தின் விசாவும் போகும். பதினாலு, பதினைந்து வயதில் திடீரென்று பெட்டி கட்டச் சொன்னால் பிள்ளை உடைந்துபோவான். அதனால் லீவுக்கு வரும்போது அவனைக் கல்யாண வீடு கல்யாண வீடாக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். பேச்சிப்பாறை அணைக்கோ திற்பரப்புக்கோ அவன் வயதுப் பையன்களோடு சைக்கிளில் போகவிடுங்கள். தக்கலையில் அவனுக்கென்று இரண்டு கூட்டுக்காரர்கள் இருந்தால் போதும்.

அப்புறம், சின்னக் குழந்தை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு: 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமென்றால், ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய நேரும்.

கேள்வி: இங்கே தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் "நீங்க மலையாளியா?" என்கிறார்கள். மலையாளிகள் "பாண்டி" என்கிறார்கள். நாம் யார்?
— மார்த்தாண்டம் வாசகர், தோஹா

பதில்: நாம் தமிழர். அதற்காகச் சண்டை போட்ட தமிழர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சும்மா வந்து சேரவில்லை. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி உங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சங்கத்தில் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்காக மலையாளத்தை வெறுக்கவும் வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது இன்றும் கேரள அரசு. நம் பேச்சிலும் சாப்பாட்டிலும் பாதி அந்தப் பக்கத்தது. அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கிறோம். மகனுக்குப் பட்டாளப் பயிற்சிக்கு அழைப்பு வரப்போகிறது. இந்தியப் பிள்ளை எதற்கு அடுத்த நாட்டுக்குத் துப்பாக்கி தூக்க வேண்டும்?
— கிள்ளியூர் வாசகி

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் பிள்ளைக்கு நிரந்தரவாசம் எழுதி வாங்கியபோதே இந்தக் கடமையும் கூட வந்தது. அவன் அங்கே பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தான், அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அவ்வளவும் வாங்கிக்கொண்டு இரண்டு வருஷச் சேவையை மட்டும் மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். முடிவு அவனுடையதாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லையே, முதலில் அவனைக் கேளுங்கள்.

கேள்வி: பஹ்ரைனில் மீன்பிடி படகில் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்தான். ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஓட்டு உண்டா?
— குளச்சல் வாசகர்

பதில்: உண்டு. 2011 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியின் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் அசல் பாஸ்போர்ட்டோடு குளச்சல் வாக்குச்சாவடிக்கு நீங்களே நேரில் வர வேண்டும், தபால் ஓட்டு கிடையாது. முதலாளி லீவு கொடுத்து, விமான டிக்கெட்டுக்கும் காசு இருந்தால்தான் ஓட்டு என்பது பெரிய அநியாயம். வருஷக்கணக்காக ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அரசு இதைவிட நல்ல வழி செய்ய வேண்டும். அதற்காகப் பெயர் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் பழைய வீட்டு முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொண்டு, அப்புறம் படிவத்தை அனுப்புங்கள்.