மாட்சுமோட்டோவின் காலிக் கோட்டை – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நானும் கணவரும் டோக்கியோவில் வேலை பார்க்கிறோம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஷின்ஜுகுவில் அசுசா ரயிலைப் பிடித்து மாட்சுமோட்டோ கோட்டைக்குப் போய்விட்டு அன்றிரவே திரும்பினோம். வெளியிலிருந்து பார்க்க அபாரம். கன்னங்கரிய கோபுரம், பின்னால் பனி மூடிய மலைகள். உள்ளே போனதும்தான் கணவருக்கு ஏமாற்றம். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, விறைத்துப்போன பாதங்களோடு பலகைத் தரையில் நடந்தோம். சிம்மாசனம் இல்லை, படுக்கையறை இல்லை. பழைய துப்பாக்கிகளை விட்டால் வெறும் தூண்கள்தான். “ஒசாகா கோட்டையில் லிப்ட் இருந்தது, உள்ளே நல்ல மியூசியம் இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம்?” என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏன் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

எம்., டோக்கியோ

அன்புள்ள எம்.,

உங்கள் கணவர் பார்த்தது சரிதான். அந்தக் கோபுரம் காலி. கட்டிய நாளிலிருந்தே அதில் யாரும் குடியிருக்கவில்லை. பிரபு வாழ்ந்ததும் நிர்வாகம் நடந்ததும் கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில். முதன்மையான மாளிகை 1727இல் எரிந்துபோனது, திரும்பக் கட்டவில்லை. கோபுரத்துக்குப் போகும் வழியில் பரந்த புல்வெளி ஒன்றைத் தாண்டியிருப்பீர்களே, அதுதான் அந்த இடம். அவர் தேடிய படுக்கையறையை வெளியிலேயே கடந்து வந்துவிட்டீர்கள்.

கோபுரம் என்பது கிடங்கு, காவல் மேடை, மற்றதெல்லாம் விழுந்தபின் நின்று சண்டையிடக் கடைசி இடம். அதை மனதில் வைத்துக்கொண்டால் வெறும் தூண்கள் வேறு மாதிரி தெரியும். வெளியே எண்ணினால் ஐந்து கூரை, உள்ளே ஆறு தளம். மூன்றாம் தளத்துக்கு ஜன்னலே கிடையாது. அப்படி ஒரு தளம் இருப்பது அகழிக்கு அப்பால் நிற்கும் எதிரிக்குத் தெரியாது. நான்கிலிருந்து ஐந்தாம் தளத்துக்கு ஏறும் படியின் சாய்வு 61 பாகை. அதை ஏணி என்றே சொல்லிவிடலாம்.

சரி, அந்த எதிரி யார்? இங்கேதான் கதை ருசிக்கிறது. இஷிகாவா கசுமாசா என்பவர் டோகுகாவா இயேயாசு என்ற பிரபுவின் நெடுநாள் தளபதி. 1585இல் திடீரென்று கட்சி மாறி, அன்று ஜப்பானில் ஓங்கியிருந்த ஹிதேயோஷியிடம் போய்ச் சேர்ந்தார். 1590இல் ஹிதேயோஷி இயேயாசுவைக் கிழக்கே, இன்றைய டோக்கியோ இருக்கும் எடோவுக்கு இடம் மாற்றினார். மாட்சுமோட்டோவைக் கசுமாசாவிடம் கொடுத்தார். பழைய எஜமானரைக் கண்காணிக்கப் பழைய தளபதி! கசுமாசாவும் மகன் யசுனாகாவும் துப்பாக்கிச் சண்டையைக் கணக்கில் கொண்டு எழுப்பியதுதான் இந்தக் கோபுரம். 1593, 94 வாக்கில் கட்டியது என்பார்கள். சுவரெல்லாம் துப்பாக்கித் துளைகள், அம்புத் துளைகள், மூலைகளில் கல் தள்ளிவிடும் திறப்புகள். ஆனால் எதிர்பார்த்த சண்டை அங்கே வரவேயில்லை. இயேயாசு வேறு களத்தில் ஜெயித்து நாட்டையே பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கோபுரத்தோடு ஒட்டி, சிவப்புக் கைப்பிடிச் சுவரோடு, மூன்று பக்கமும் திறந்த ஒரு சிறு கூடம் இருக்கிறதே, நிலா பார்க்கும் கூடம். அதில் ஒரு துப்பாக்கித் துளைகூடக் கிடையாது. 1630களில் மாட்சுதைரா நவோமாசா என்ற பிரபு கட்டியது. அவர் இயேயாசுவின் பேரன். அதே இயேயாசுவின் இன்னொரு பேரனான, அப்போது நாட்டை ஆண்ட ஷோகுன் (ராணுவத் தலைவர்) இயேமிட்சு அந்த வழியாக வருவதாகத் தகவல் வந்தது, அவரை உபசரிக்கத்தான் இந்த ஏற்பாடு. தாத்தாவைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டையில் பேரனுக்கு நிலா விருந்து! இடையில் நாற்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம். ஷோகுனும் வரவில்லை. வழியில் மலைப் பாறை சரிந்து பயணம் ரத்தானது என்கிறார்கள். எதிரிக்காகக் காத்திருந்த கோபுரத்துக்கும் எதிரி வரவில்லை, விருந்தாளிக்காகக் காத்திருந்த கூடத்துக்கும் விருந்தாளி வரவில்லை. உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், காலியாக இருப்பது ஏன் என்று கேட்கமாட்டார்.

இனி ஒசாகா. இன்று அங்கே இருக்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. அதில் லிப்ட் வைப்பதில் என்ன தடை? நான் அதைக் குறை சொல்லவில்லை, மியூசியமாக அது நல்ல மியூசியம். ஆனால் நாடு முழுவதும் பழைய கோபுரமாகவே நிற்பவை 12 மட்டும். மற்றவற்றில் பல, 1868க்குப் பிந்தைய மெய்ஜி காலத்தில் இடிக்கப்பட்டன. நகோயா, ஹிரோஷிமா, ஒகயாமா கோபுரங்கள் 1945இல் போயின. மாட்சுமோட்டோவும் தப்பியிருக்காது. 1872இல் அதை ஏலம் விட்டார்கள். இச்சிகாவா ரியோசோ என்ற உள்ளூர்ப் பிரமுகர், அந்தக் கோபுரத்துக்குள்ளேயே பொருட்காட்சிகள் நடத்திப் பணம் திரட்டி மீட்டார். அதன் பிறகும் கவனிப்பாரில்லாமல் சாய்ந்து நின்றது. சாய்ந்த நிலையில் எடுத்த புகைப்படம் இருக்கிறது, பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கோபயாஷி உனாரி என்ற பள்ளித் தலைமையாசிரியர் முன்னின்று, 1903 முதல் 1913 வரை பழுது பார்த்தார்கள். நீங்கள் மிதித்த பலகை அப்படிக் காப்பாற்றப்பட்ட கட்டடத்தின் பலகை. உங்களுக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடம் நம்மை மகிழ்விக்க எதையும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹீட்டர்கூட இல்லை.

குளிர்காலத்தில் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். கறுப்பு அரக்குப் பூச்சை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் புதுப்பிக்கிறார்கள். ஜனவரியில் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கறுப்பின் முழுப் பளபளப்பு கிடைக்கும். மே மாதத் தொடர் விடுமுறையில் போயிருந்தால் அந்த 61 பாகைப் படிக்கு வரிசையில் நின்றே பொழுது போயிருக்கும்.

அடுத்த முறை இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். இறங்கியதும் அந்த ஊர்ச் சூடான சோபா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் அவருக்கு வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு ஒசாகாதான் பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். முட்டிவலி வரும் வயதில் நானும் அவர் பக்கம் சேர்ந்துவிடுவேன்.