15 மீட்டர் கேபிள சுவத்துக்குள்ள பூசியாச்சு, படம் விட்டு விட்டு வருது, கடைக்காரர் பணம் தரணுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், முன்ன தோட்டத்துல இருந்தோம், இப்ப தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. மகனோட கம்பியூட்டர் பின் ரூம்ல, 4கே டிவி ஹால்ல. ரெண்டையும் சேர்க்கணும்னு டவுன்ல ஒரு கடையில கேட்டதுக்கு 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் (படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கொண்டு போற கம்பி) 160 வெள்ளிக்கு (ரிங்கிட்) குடுத்தாங்க, பாக்கெட்டுல 2.1, 8கேன்னு பெருசா போட்டிருந்துச்சு. வயர்மேனுக்கு 300 வெள்ளி குடுத்து சுவத்த வெட்டி உள்ள வெச்சுப் பூசிட்டோம். மறுநாள்லேருந்தே படம் திடீர் திடீர்னு கருப்பாகுது, வெள்ளையா புள்ளி மின்னுது. அந்த வாரமே கடைக்கு வாட்ஸ்அப் பண்ணேன், மூனு மாசமா இழுத்தடிச்சிட்டு இப்ப, கேபிள்ல கோளாறு இல்ல உங்க டிவிதான் சரியில்ல, வேணும்னா அதே கேபிள் வேற ஒன்னு தரேன், பணம் கிடையாது, ரெசிட்ல விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு போட்டிருக்கு பாருங்கன்னு சொல்றாரு. வக்கீல் வெச்சா அதுக்கே ஆயிரம் வெள்ளி ஆகும், விட்டுடலாமா சார்?

பதில்: விடாதீங்க அக்கா. வக்கீல் செலவ நெனச்சுதான் நம்ம ஆளுங்க நெறைய பேரு இந்த மாதிரி 100, 200 வெள்ளி விஷயத்த எல்லாம் விட்டுடுறாங்க, ஆனா இதுக்கு வக்கீலே தேவையில்ல, பயனீட்டாளர் ட்ரிபியூனல்ல (வாங்குறவங்க புகார விசாரிக்கிற தனி மன்றம்) வக்கீல் வந்து வாதாடவும் முடியாது, சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. மனு போட ஃபீஸ் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்க அங்க கேக்கலாம், பிரச்சனை வந்ததுலேருந்து 3 வருஷம் டைம் இருக்கு, அதனால மூனு மாசம் போயிடுச்சேன்னு கவலப்படாதீங்க.

மொதல்ல அந்த ரெசிட் விஷயம். 1999ஆம் வருஷத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 6ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, இந்தச் சட்டம் குடுக்குற உரிமைய கடைக்காரர் ஒப்பந்தத்துலயோ ரெசிட்லயோ எழுதி எடுத்துட முடியாது. நீங்க மனசு மாறி, கலர் பிடிக்கலன்னு திருப்பிக் குடுக்கப் போனா அவரு முடியாதுன்னு சொல்லலாம், அது வேற. பொருள் சரியில்லன்னா அந்த வரி அவர காப்பாத்தாது.

அடுத்தது, சட்டம் பேசறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத செய்யாம மனு போட்டா தோத்துடுவீங்க. மகன்கிட்ட சொல்லி கம்பியூட்டர ஹாலுக்குத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, யார்கிட்டயாவது 2 மீட்டர் நல்ல கேபிள் ஒன்னு வாங்கி, அதே டிவி, அதே போர்ட், அதே செட்டிங், 4கே 60 ஹெர்ட்ஸ்லயே வெச்சு அரைமணி நேரம் ஓடவிட்டு போன்ல வீடியோ எடுங்க. படம் கருப்பாகலன்னா டிவியும் நல்லாருக்கு கம்பியூட்டரும் நல்லாருக்குன்னு ஆயிடும், கடைக்காரர் சொன்ன டிவி கதை அதோட முடிஞ்சுது. அப்புறம் கம்பியூட்டர ரூமுக்கே கொண்டுபோய் சுவத்துல இருக்க கேபிள மாட்டி படம் கருப்பாகறதயும் எடுங்க, பிறகு செட்டிங்ல 1080க்கு (4கேயவிட தெளிவு கொறஞ்ச படம்) கொறச்சுப் பாருங்க. கொறச்சதும் சுத்தமா வருதுன்னா கேபிள் அறுந்து போகல, அதால 4கே சுமக்க முடியலன்னு அர்த்தம். கடைக்காரர் அதப் பாத்துட்டு பாருங்க வேலை செய்யுதேன்னு சொல்வாரு, நீங்க பாக்கெட்ட எடுத்துக் காட்டணும், 8கேன்னுதானே போட்டு வித்தீங்க, 1080ன்னா போட்டிருந்தீங்கன்னு கேக்கணும். பாக்கெட் இருக்குல்ல? குப்பையில போட்டுடாதீங்க, அந்த அட்டைதான் உங்க பெரிய சாட்சி.

ஏன்னு சொல்றேன். 4கே படம் நொடிக்கு 60 தடவ மாறணும்னா கிட்டத்தட்ட 18 கிகாபிட் அந்தக் கம்பிக்குள்ள ஓடணும், 1080க்கு அதுல கால்வாசி போதும். சாதா செம்புக் கேபிள் 5 மீட்டர் தாண்டினாலே 4கே 60க்குத் தடுமாற ஆரம்பிக்கும். உங்களுக்கு வர்ற வெள்ளப் புள்ளி, கருப்புத் திரை எல்லாம் சிக்னல் போற வழியில தேஞ்சு போறதோட அடையாளம். 2.1ன்னு போட்டா 48 கிகாபிட் வரைக்கும் தாங்கணும், 15 மீட்டர் செம்புல அது நடக்காது. அவ்ளோ தூரத்துக்கு உள்ள கண்ணாடி நார் (ஃபைபர்) வெச்ச ஆக்டிவ் கேபிள்தான் வேணும். அதுக்கு ஒரு முனை கம்பியூட்டர் பக்கம், இன்னொரு முனை டிவி பக்கம்னு குறி போட்டிருப்பாங்க, மாத்தி மாட்டினா படமே வராது. உங்களுக்குப் படம் வந்து வந்து போறதால அந்தத் தப்பு நீங்க பண்ணல. இன்னொன்னு, எச்டிஎம்ஐ அமைப்போட விதிப்படியே கேபிள 2.1ன்னு நம்பர் போட்டு விக்கக் கூடாது, அல்ட்ரா ஹை ஸ்பீட்னு பேரு போட்டு, ஸ்கேன் பண்ணிப் பாக்கற லேபிள் ஒட்டியிருக்கணும். உங்க பாக்கெட்டுல அந்த லேபிள் இருக்கா பாருங்க, இல்லன்னா அதையும் மனுவுல எழுதுங்க.

இப்ப சட்டம். 34ஆவது பிரிவு, பொருள் அதப் பத்திச் சொன்ன வர்ணனைக்கு ஏத்த மாதிரி இருக்கணும், இதுதான் உங்களுக்கு ரொம்ப பலம், ஏன்னா அட்டையில அச்சாகியிருக்கத மறுக்க முடியாது. 33ஆவது பிரிவு, என்ன வேலைக்கு வாங்குறேன்னு நீங்க கடையில சொல்லி அவரோட பேச்ச நம்பி வாங்கியிருந்தா அந்த வேலைக்கு அது பொருந்தணும். இங்கதான் கேள்வி, நீங்க என்ன சொல்லி வாங்கினீங்க? 15 மீட்டர் கேபிள் குடுங்கன்னு மட்டும் கேட்டிருந்தா இந்தப் பிரிவு கொஞ்சம் பலவீனம். கம்பியூட்டர், 4கே டிவி, சுவத்துக்குள்ள போகப்போகுதுன்னு சொல்லியிருந்தா, கூட யாராவது இருந்திருந்தா, வாட்ஸ்அப்ல இருந்தா, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க. 555 புக்ல கடன் எழுதி வாங்கி ரெசிட்டே இல்லாதவங்க கூட வாட்ஸ்அப்பையும் பேங்க் ட்ரான்ஸ்ஃபரையும் வெச்சு பேசலாம், ரெசிட் இல்லன்னா ஒன்னுமே இல்லன்னு நெனைக்காதீங்க.

அதே கேபிள் வேற ஒன்னு தரேன்னு சொல்றாருல்ல, ஏத்துக்காதீங்க. சரிபண்ணக் கூடிய கோளாறுன்னா சட்டம் கடைக்காரருக்கு சரிபண்ண ஒரு வாய்ப்பு குடுக்குது, ஆனா இது ஒரு பீஸ் கெட்டுப்போன விஷயம் இல்ல, அந்த ரகமே அந்தத் தூரத்துக்கு ஆகாது, மாத்தினாலும் அதே கருப்புத் திரைதான். இப்படி ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நியாயமான ஆள் வாங்கியிருக்கவே மாட்டாருன்னா அத பெரிய குறைன்னு 44ஆவது பிரிவு சொல்லுது, அப்ப பொருள வேணாம்னு சொல்லி பணத்தத் திருப்பிக் கேக்கலாம்.

ஆனா அக்கா, உங்க கேஸ்ல ஒரு முள்ளு இருக்கு, அது அந்தச் சுவரு. 43ஆவது பிரிவுல, பொருள வேற ஒன்னோட சேத்துப் பொருத்திட்டு அத சேதமாகாம பிரிச்செடுக்க முடியாதுன்னா திருப்பிக் குடுக்குற உரிமை போயிடும்னு இருக்கு. அதனால வயர்மேன் எப்படி வெச்சாருங்கறதுதான் இப்ப முக்கியம். குழாய் போட்டு அதுக்குள்ள கேபிள விட்டாரா, இல்ல சுவத்த வெட்டி கேபிள நேரா வெச்சு மேல சிமெண்டு பூசிட்டாரா? ஒரு ஆள் ஹால்ல நின்னு முனையப் புடிச்சு லேசா இழுக்கட்டும், ரூம்ல இருக்கவங்க மறுமுனை அசையுதான்னு பாக்கட்டும். அசைஞ்சா குழாய்க்குள்ளதான் இருக்கு, வெளிய எடுக்கலாம், உரிமை அப்படியே இருக்கு. கேபிளோட தலை பெருசா இருந்து குழாயில சிக்கும், வம்பா இழுக்காதீங்க, பிய்ஞ்சா நீங்க சேதம் பண்ணீங்கன்னு சொல்லிடுவாரு. சிமெண்டோட ஒட்டிப் போயிருந்தா தயவுசெஞ்சு உடைக்காதீங்க, அப்படியே போட்டோ எடுங்க. அப்பவும் எல்லாம் போயிடல, திருப்பிக் குடுக்க முடியாட்டி மதிப்பு கொறஞ்ச அளவுக்கு நஷ்டஈடு கேக்கலாம், 4கேக்கு வாங்கின கேபிள் 1080க்குத்தான் ஆகுதுன்னா வித்தியாசம் பெருசுதான்.

பூசின 300 வெள்ளியையும் சேத்துக் கேளுங்க. இப்படிச் செலவு ஆகும்னு கடைக்காரர் எதிர்பாத்திருக்கக் கூடிய நஷ்டம்னா சட்டம் தரும், சுவத்துக்குள்ள போகுதுன்னு அவருக்குத் தெரியும்னு நீங்க காட்டணும். காட்ட முடியலன்னா இந்தப் பகுதி கெடைக்காமப் போகலாம், கேபிள் காசு வேற விஷயம்.

கடைக்காரர் கடைசியில வயர்மேன் மேல பழி போடுவாரு, மடக்கிட்டான், நசுக்கிட்டான்னு. வயர்மேன் வேலைய கவனமா செய்யலன்னா அவரும் 53ஆவது பிரிவுல பொறுப்புதான், பூசுறதுக்கு முன்னாடி மாட்டிப் பாக்காதது அவரு தப்புன்னு எனக்கும் தோணுது. ஆனா இப்ப அவர பகைச்சுக்காதீங்க. எப்படி வெச்சேன், எங்க வளைச்சேன்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்குங்க, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இருந்தா கேளுங்க.

அடுத்தது கடைக்கு ஒரு லெட்டர். வாட்ஸ்அப் போதாது, ஒரு தாள்ல வாங்கின தேதி, வெல, பாக்கெட்டுல இருந்த எழுத்து, கோளாறச் சொன்ன தேதி, டெஸ்ட் பண்ணி என்ன வந்துச்சு, பணம் திருப்பி வேணும், 14 நாள்ல பதில் இல்லன்னா ட்ரிபியூனல் போவேன், அவ்ளோதான், திட்டாதீங்க. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி சீட்ட வெச்சுக்குங்க. மலாய்ல எழுதுங்க, மகன் எழுதித் தருவான்.

பதில் வரலன்னா போராங் 1ங்கற மனுப் படிவம், ஆன்லைன்லயும் போடலாம், ஈப்போ ஆபீஸ்லயும் குடுக்கலாம். கடையோட பேரு போர்டுல இருக்கத எழுதாதீங்க, ரெசிட்ல கம்பெனி பேரும் பதிவு நம்பரும் இருக்கும், அத எழுதுங்க, பேரு தப்பானா மனு இழுத்துக்கிட்டே போகும். ட்ரிபியூனல் சீல் வெச்ச மனுக் காப்பிய நீங்கதான் கடைக்கு நேர்லயோ ரிஜிஸ்டர் தபால்லயோ சேக்கணும். விசாரணை அன்னிக்கு கண்டிப்பா போங்க, நீங்க வரலன்னா தள்ளிடுவாங்க. பாக்கெட், வீடியோ, ரெசிட், கேபிளக் கழட்ட முடிஞ்சா கேபிள், எல்லாம் கையில இருக்கட்டும். அங்க மொதல்ல சமாதானம் பேசச் சொல்வாங்க, பணமாத் தராம பொருளாத் தரேன்னு கடைக்காரர் எறங்கி வந்தா, லேபிள் ஒட்டின 15 மீட்டர் ஃபைபர் கேபிள், அதுவும் உங்க வீட்டு டிவியில 4கே 60 ஓடிக் காட்டின பிறகுதான்னு ஒப்பந்தத்துல எழுத்துல போடச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.