பேத்தியின் தலை ஏன் சின்னதாக இருக்கிறது?

கேள்வி: என் மகளை என் தம்பிக்கே கட்டிக் கொடுத்தோம். மாதம் நிறைந்துதான் பேத்தி பிறந்தாள். பிறந்தபோது தலைச் சுற்றளவு 30.5 செ.மீ., இப்போது 45 நாளில் 33. மைக்ரோசெபாலி என்று சீட்டில் எழுதியிருக்கிறது. மகள் கிரகணத்தன்று காபித் தோட்ட வேலைக்குப் போனதுதான் காரணம், குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்துவிட்டால் சரியாகும் என்கிறார் என் அம்மா.
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தலையைப் பிடித்துவிடுவதை இன்றே நிறுத்துங்கள் அம்மா. மைக்ரோசெபாலி என்றால் வயதுக்கு இருக்க வேண்டியதை விடத் தலை ரொம்பச் சின்னதாக இருப்பது. உச்சிக்குழி இன்னும் மூடாத தலை அது. மூளை வளர வளரத்தான் மண்டை ஓடு விரிகிறது, உள்ளே வளர்ச்சி குறைந்திருக்கும்போது வெளியே எண்ணெய் போட்டு எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாகாது.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை, இந்த வரியை உங்கள் அம்மா காதில் விழும்படி சத்தமாகவே படியுங்கள்.

சரி, தம்பிக்குக் கொடுத்தது? மறைக்காமல் சொல்கிறேன். ரத்த சொந்தத்தில் கணவன், மனைவி இரண்டு பேருமே ஒரே பழுதான மரபணுவைச் சுமக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குப் பாதிப்பு வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்காக அதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். கர்ப்பத்தில் வந்த ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், 2015-ல் பிரேசிலை உலுக்கிய ஜிகா போன்ற வைரஸ் தொற்றுகள், பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் என்று வேறு காரணங்களும் உண்டு, பரிசோதித்தால்தான் தெரியும்.

மாதம் நிறைந்த பெண் குழந்தைக்குப் பிறக்கும்போது சராசரியாக 34 செ.மீ. இருக்கும், 31.5-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். 45 நாளில் ஏறத்தாழ 35-ஆவது வேண்டும். அதனால் அலட்சியம் வேண்டாம். ஆனால் ஒரு அளவை விட அது மாதாமாதம் எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். இழுபடாத டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி வைத்து மூன்று தடவை அளந்து, பெரிய அளவை எழுதி வையுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது கைக்குழந்தையோடு சிரமம்தான், தெரியும். ஆனாலும் தள்ளிப்போடாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வாருங்கள். கண், காது, மூளை ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மண்டை ஓட்டின் இணைப்புகள் சீக்கிரமே ஒட்டிவிட்டதா என்றும் கேளுங்கள், அது வேறு கோளாறு, அதற்கு ஆபரேஷன் உண்டு. மைக்ரோசெபாலிக்குத் தலையைப் பெரிதாக்கும் மருந்து கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, வலிப்பு வந்தால் அதற்கு மாத்திரை, இவைதான் வழி. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கட்டாயம்.

அப்புறம், தம்பியையும் கூட்டி வாருங்கள். அப்பா, அம்மா தலையையும் டாக்டர் அளந்து பார்ப்பார். சில குடும்பங்களில் தலையே சின்ன வாகு, குழந்தை மற்றபடி நன்றாகவே வளரும்.